சப்பென்ற சோடா

மார்ச் 3

மருந்துக்காரிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை வந்தது. பிரிந்து ஆறு வருடம் கழித்து அப்படி எழுதினால் நீ சிரிப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதாம். விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் தெரிகிறது. மே மாதம் ஆபரேஷன். அதுவரை தாக்குப்பிடிக்க அசெட்டசோலமைடு என்று ஒரு மாத்திரை, தினம் மூன்று வேளை. "நரம்பு போனா போனதுதான், திரும்ப வராது" என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை தொடங்கியதிலிருந்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் எறும்பு ஊர்கிறது. இது சரிதானா? டாக்டரிடம் கேட்கக் கூச்சம். உன்னிடம் கூச்சம் விட்டு நாளாயிற்று.

ஃபேக்டரியில் வேறு தலைவலி. முதல் பாட்டிலை நான் குடித்துத் தலையாட்டினால்தான் லைன் ஓடும், உனக்குத் தெரியும். பத்து நாளாகச் சோடா சப்பென்று இருக்கிறது, நாக்கில் சுருக்கென்று ஏறவே இல்லை. மெஷின்காரர், "கேஸ் மீட்டர் சரியாத்தான் காட்டுது சார்" என்கிறார். இருபது வருட நாக்கு பெரிதா, மீட்டர் பெரிதா? கேஸைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
சோடாக்காரன்

மார்ச் 9

சோடாக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் பாதிக்குப் பதில் இது. இரண்டாம் பாதியைப் படிக்கவில்லை. ஃபேக்டரி என்ற வார்த்தையைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன். பதினான்கு வருடம் சாப்பாட்டு மேஜையில் கேட்டது போதும்.

கண்ணுக்குள் எந்நேரமும் நீர் சுரந்துகொண்டிருக்கும். அதற்கு உதவும் ஒரு நொதியை இந்த மாத்திரை கட்டிப்போடுகிறது. நீர் குறைந்தால் அழுத்தம் இறங்கும். அதே நொதி உடம்பில் வேறு இடங்களிலும் இருப்பதால் அங்கேயும் கை வைக்கும். சிறுநீர் அதிகம் போகும், பொட்டாசியம் குறையும், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விரல் மரப்பது வழக்கம்தான். உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் ஓடவேண்டும். சில வகை வலிப்புக்கும், மலையேறுகிறவர்களுக்கு உயரத்தில் தலை சுற்றாமல் இருக்கவும் இதையே கொடுக்கிறார்கள். நீங்கள் மொட்டைமாடிக்கே ஏறமாட்டீர்கள்.

இப்படிக்கு,
மருந்துக்காரி

மார்ச் 17

மருந்துக்காரிக்கு,

உன் கடிதம் மாத்திரை டப்பாவுக்குள் வரும் சீட்டு மாதிரி இருந்தது. தப்பில்லை, நான் கேட்டதும் அதைத்தான்.

நேற்று ஒரு பாட்டில் வெடித்தது. மெஷின்காரர் கையில் கண்ணாடி பாய்ந்து இரண்டு விரலில் ஒன்பது தையல். மீட்டர் சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் தினமும் கேஸைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். வெடித்த பாட்டில் இருந்த பெட்டியிலிருந்தே இன்னொரு பாட்டிலைக் குடித்துப் பார்த்தேன். அப்போதும் சப்பென்றுதான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். "விடுங்க சார், விரல் இருக்குல்ல" என்றார் மெஷின்காரர். எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவர் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டு என் விரல் நுனிகளைத் தேய்த்தபடி நின்றேன். நாக்கு எந்தத் தேதியிலிருந்து கெட்டது என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சோடாக்காரன்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

அது வந்த அன்றுதான் உங்கள் முதல் கடிதத்தின் இரண்டாம் பாதியைப் பிரித்துப் படித்தேன். சோடாவின் சுருக்கை நாக்கு அறிவதும் அதே நொதியால்தான். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சோடா சப்பென்று இருக்கும். கவுண்டரில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் இதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை முழுக்கப் படித்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். அந்த ஒன்பது தையலும் என்னுடையது.

நாக்குக்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நாக்கு திரும்பும், கண் திரும்பாது. ஆபரேஷனுக்கு நான் வரட்டுமா?

இப்படிக்கு,
நான்

ஏப்ரல் 8

அன்புள்ள உனக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நாக்கு கெட்ட தேதியும் மாத்திரை தொடங்கிய தேதியும் ஒன்றாக இருந்தன. மார்ச் இருபதாம் தேதி நானே நிறுத்திவிட்டேன். நாலாவது நாள் முதல் பாட்டில் சுருக்கென்றது. மெஷின்காரர் கட்டுக் கையோடு வந்திருந்தார், அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அதற்கு அடுத்த வாரம் வலது கண் போய்விட்டது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இடது கண்ணுக்காக மறுபடியும் மாத்திரை, தினம் மூன்று வேளை. இனி மெஷின்காரர்தான் முதல் பாட்டிலைக் குடிப்பார்.

உன் கடிதம் தாமதமாக வந்ததில் எனக்குக் கோபமில்லை. வரட்டுமா என்று நீ கேட்ட வரியை இரண்டு முறை படித்தேன். சந்தோஷப்படவேண்டிய இடம். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அதுவும் மாத்திரையால் என்றால் சொல், வா. இல்லையென்றால் வரவேண்டாம்.

நான்

ஏப்ரல் 12

அன்புள்ள உங்களுக்கு,

இந்த முறை கடைசி எழுத்துவரை படித்தேன். சோர்வு வரலாம், மனம் மந்தமாகலாம் என்று சீட்டில் இருக்கிறது. மாத்திரையால்தான் என்று எழுதிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எனக்கும் உள்ளே அப்படித்தான் இருக்கிறது, நான் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், கண்ணில் தூசி படும்.

நான்