ஒரே தொட்டிக் கஞ்சி

திங்கள், 3

விடியற்காலையிலிருந்து மழை. கொட்டகையில் கணுக்கால் வரை சகதி. பால் கறக்கும்போது பவானியின் கழுத்தில் கை பட்டது. முடிச்சு. ஒன்றல்ல, ஏழு. நெல்லிக்காய் அளவு. காது சுட்டது. பாலும் பாதிதான்.

சேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கொசு கடிச்சிருக்கும் லா," என்றார். கட்டின புருசன், இருபது வருசமாக லோரி ஓட்டுகிறவர். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது லோரியில் ஏறுமா ஏறாதா என்பது மட்டும்.

சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புதுமனைப் புகுவிழா. பவானிதான் போக வேண்டும். லிஃப்டில்கூட ஏறுவாள், மிரளமாட்டாள். அதற்காகவே பந்திங்கிலிருந்து ரவாங் வரை அவளைத்தான் கேட்பார்கள்.

வாங்க வேண்டியது: தவிடு, வேப்பெண்ணெய், சேகருக்கு பிளேடு.

செவ்வாய், 4

முடிச்சு உடம்பெல்லாம் பரவிவிட்டது. கண்ணில் நீர்.

மண்டோர் அண்ணே வந்தார். பக்கத்துக் கொட்டகை அவருடையது. தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். இப்போது ஒன்பது மாடு, செம்பனைத் தோப்பு ஓரத்து அம்மன் கோயிலில் பூசை. பவானியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"அம்மா வந்திருக்கா, ஜெயா. ஊசி கீசின்னு போயிடாதே. வெளியில மூச்சு விடாதே."

நானும் கும்பிட்டேன். எனக்கு அம்மை போட்டபோதும் வேப்பிலையில்தானே படுக்க வைத்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். கேப்பைக் கஞ்சி காய்ச்சினேன். பவானி முதலில் வாய் வைக்கட்டும், மிச்சம் அம்மா பிரசாதம், எல்லா மாட்டுக்கும் பங்கு என்றார் அண்ணே. என் பதினொன்றும் அவருடைய ஒன்பதும் ஒரே தொட்டியில் குடித்தன. அவர் மாடுகளை நானே போய் ஓட்டி வந்தேன்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது.

புதன், 5

பவானி எழுந்திருக்கவில்லை. கால்நடை ஆபீசுக்கு போன் போட்டேன்.

சேகர்: "மண்டோர் அண்ணே என்ன சொல்வாரு?"

நான்: "அவரு சொல்றது இருக்கட்டும். மாடு என்ன சொல்லுதுன்னு பாருங்க."

மதியம் டாக்டர் வந்தார். மலாய்க்காரப் பெண், என்னைவிட இளையவர். உள்ளே வரும்போது பூட்ஸைக் கழுவினார், போகும்போதும் கழுவினார். வைரஸ் என்றார். மனுசனுக்கு வராதாம். கொசு, ஈ, உண்ணி கொண்டுபோகும், எச்சிலும் கொண்டுபோகுமாம். பவானியைத் தனியாகக் கட்டு. சுற்றிலும் வலை. ஒரு மாடும் வாசல் தாண்டக் கூடாது. தனி வாளி, தனித் தொட்டி.

தொட்டி என்றதும் நேற்றைய கஞ்சித் தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"வேறு யாருடைய மாடாவது இங்கே வந்து கலந்ததா?" என்று கேட்டார். மண்டோர் அண்ணே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றேன்.

பச்சைப் பொய். சோறு இறங்கவில்லை.

வியாழன், 6

எட்டு மணிக்கு டாக்டருக்கு போன். ஒன்பது மாடு, அவர் பேர், கஞ்சி, தொட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏன் நேற்றே சொல்லவில்லை என்று அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தடுப்பூசியோடு வந்தார். முடிச்சில்லாத என் பத்துக்கும் போட்டாயிற்று. மண்டோர் அண்ணே தன் மாடுகளைச் செம்பனைக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வந்து கத்தல்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்திட்டியே! அம்மா வந்த இடத்துல ஊசி போட வெச்சிருக்கே, நீ விளங்குவியா?"

"அம்மா கோவிச்சா எங்கிட்ட நேரா வந்து கேக்கட்டும்ணே. நடுவுல ஏஜெண்டு வேணாம்."

வாய் அதிகம்தான் எனக்கு. இருக்கட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆன்டி போனில்: "ஒரு மணி நேரம்தானேம்மா? ஐயரு மாடு இல்லாம முடியாதுங்கிறாரு."

"முடியும் ஆன்டி. படம் வெச்சுக் கும்பிடுங்க. படத்துக்கு வைரஸ் வராது."

டொக்கென்று வைத்துவிட்டார்.

சனி, 8

அஞ்சு மணிக்கு லோரிச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், சேகர் பவானிக்குப் பதில் சிவப்பியை ஏற்றிக்கொண்டிருக்கிறார்! எனக்குத் தெரியாமல் ஆன்டிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"இவளுக்கு ஒண்ணும் இல்ல, ஜெயா. சுத்தமா இருக்கா பாரு."

"பவானியும் போன ஞாயிறு சுத்தமாத்தான் இருந்தா. போற இடத்துல இன்னொருத்தன் மாடு நின்னா? திரும்பி வர்ற வழியில எத்தனை கொட்டகை?"

"குடுத்த வாக்கு என்னாகிறது?"

"நான் குடுத்தேனா?"

லோரிச் சாவியை உருவி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு பால் கறக்க உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணி வரை லோரிப் படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்குப் போய் இரண்டு ரோல் கொசுவலை வாங்கிவந்தார். மீன் குழம்பு வைத்தேன், அவருக்குப் பிடிக்கும்.

புதன், 12

பவானி அரை வாளி தண்ணீர் குடித்தாள். எழுந்து நின்றாள்.

கறுப்பியின் முதுகில் இரண்டு முடிச்சு. ஊசி போட்டும். அதற்கு முன்பே உள்ளே போயிருக்கும் என்கிறார் டாக்டர். நான் ஊற்றிய கஞ்சிதான். கொட்டகைக்குள் உட்கார்ந்து அழுதேன். பிறகு கறுப்பிக்கும் வலை கட்டினேன்.

கடையில் ஒருத்தி என் காதுபட: "ஆபீஸ்காரங்களக் கூட்டியாந்தது இவதான்."

"ஆமா, நான்தான்," என்றேன். "உங்க வீட்டுலயும் மாடு இருந்தா நம்பர் தரேன்."

வெள்ளி, 14

மண்டோர் அண்ணேயின் சினை மாட்டுக்கு முடிச்சு. காலையிலேயே வேலி ஓரம் வந்து நின்று கத்தினார்.

"உன்னாலதான்! உன் தொட்டியில குடிச்சதாலதான்!"

"ஆமாண்ணே. என்னாலதான். நான்தான் ஓட்டி வந்தேன், நான்தான் ஊத்தினேன். டாக்டர்கிட்டயும் அப்படியேதான் சொன்னேன். இப்ப அவளைத் தனியா கட்டுங்க. மத்த எட்டுக்கும் ஊசி போடணும். இந்தா, உங்க கண்ணு முன்னாலயே போன் பண்றேன். அதுக்கும் சேர்த்துத் திட்டுங்க."

போன் பண்ணினேன். அவர் திட்டவில்லை. சினை மாடு, இன்னும் ஒரு மாதம்தான்.

நோய் மாட்டைத் தொட்ட கையோடு நான் வேலி தாண்டக் கூடாது. மிச்சமிருந்த வலையைச் சுருட்டி வேலிக்கு மேலாக வீசினேன். சேற்றில் விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீங்க எடுக்கிற வரைக்கும் நான் நகரமாட்டேன்," என்றேன்.

தூறல். சேகர் தேத்தண்ணி ஆறுது என்று கூப்பிட்டார். போகவில்லை. மழை வலுத்தது. இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றோம், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

குனிந்து எடுத்தார்.

"மேலே மட்டுமா, சுத்தியுமா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சுத்தி," என்றேன்.