நடுவுல இருந்த ரப்பர்

கோர்டன்,

ஃப்ரிட்ஜ்ல ஆட்டுக்கறி ஸ்ட்யூ இருக்கு, சூடு பண்ணிக்கோ. உங்கம்மா நாலு மணி ரயில்ல பாலரட்லேர்ந்து வர்றாங்க. நீதான் ஸ்டேஷனுக்குப் போகணும்.

மூணு சனிக்கிழமை கராஜுல மல்லாந்து கிடந்து உன் ரேஸ் வண்டியில இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவுல இருந்த ரப்பர் மவுண்டைக் கழட்டிட்டு இரும்புல மாட்டின. "ரப்பரெல்லாம் சொகுசு கேக்கறவனுக்கு, நமக்கு இரும்புதான்"னு பீத்திக்கிட்ட. நேத்து அந்த வண்டியில சிக்னல்ல நிக்கும்போது, அது உதறின உதறல்ல கண்ணாடியில பின்னாடி நின்ன ஒரு கார் எனக்கு நாலாத் தெரிஞ்சுது.

இன்ஜின் உதறினா உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாம, நடுவுல கிடந்து நசுங்கறதுதான் அந்த ரப்பரோட வேலைன்னு நீயே சொன்ன. உனக்கும் உங்கம்மாவுக்கும் நடுவுல பத்தொன்பது வருஷமா அந்த வேலையைப் பாத்தது யாரு? அதையும் இன்னைக்குக் கழட்டியாச்சு. நான் அக்கா வீட்டுக்குப் போறேன், திங்கட்கிழமை வருவேன். இரும்பும் இரும்புமா இருங்க.

லினெட்

பி.கு.: இன்ஜினைத் தூக்க ஜாக்கி மேல நீ வெச்ச பலகை, நான் காய் நறுக்கற பலகை. அதை நீயே வெச்சுக்கோ.

இன்னொண்ணு: என் காரை நான் எடுத்துட்டுப் போறேன். உங்கம்மாவை உன் வண்டியிலதான் கூட்டிட்டு வரணும். ஏறுறதுக்கு முன்னாடி பல்செட்டைக் கழட்டிக் கையில வெச்சுக்கச் சொல்லு.