இரண்டு துவக்கு, ஐந்து குழல்

மே 5, செவ்வாய்

விடியவே மழை. வேலைக்கு லீவு. எங்கள் ரோவில் பக்கம் குப்பை லொறி கூட இன்றைக்குப் பிந்தி.

சனிக்கிழமை குறி சுடுகிற கிளப்பில் போட்டி. அதற்கு முன்:

— பெரியதுக்கு ஆறு அங்குலக் குழல் மாற்ற
— எட்டு அங்குலக் குழலுக்கு எண்ணெய், துணி சுற்றி உள்ளே
— சின்னதின் சிலிண்டர் அறைகள் துலக்க (ஈயக் கறை)
— அலுமாரியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் மாற்ற
— மனிசி ரீற்றாவுக்குப் பல் டாக்டர், 3.30

பெரியது எழுபதுகளில் செய்த அமெரிக்க ரிவோல்வர். மூன்று குழல். சின்னது அதே கொம்பனி, இரண்டு குழல். பதினாலு வருடமாக வைத்திருக்கிறேன், அலுக்கவில்லை. குழலைக் கையால் திருகிக் கழற்றலாம். வேறு துவக்கில் அது நடக்காது. திரும்பப் பூட்டும்போது குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு மெல்லிய உருக்குத் தகடு வைக்கவேண்டும். இழுத்தால் தகடு லேசாக உரசிக்கொண்டு வெளியே வரவேண்டும். பிறகு மேலுறை, பிறகு முனையில் நட்டு. தகட்டின் தடிப்பு ஆறு தவ், அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஆறு பங்கு. இடைவெளி அதைவிடக் கூடினால் பக்கத்தால் நெருப்புப் பாயும். குறைந்தால் சூட்டில் சிலிண்டர் சிக்கும்.

எல்லாம் மேசையில் பரப்பி வைத்தாயிற்று. தகட்டைக் காணவில்லை.

மே 6, புதன்

காற்று. தகடு இல்லை. தேடிய இடம்: துவக்கு அலுமாரி, எண்ணெய்ப் பெட்டி, கார், கராஜ், சலவை மெஷினின் வடிகட்டி, போன வருடத்துக் கோட்டுப் பை (அதற்குள் ஒரு செபமாலை).

ரீற்றாவிடம் கேட்டேன்.

"என்ன மாதிரி இருக்கும்?"

"விரல் நீளத்தில ஒரு தகடு. கடதாசி மாதிரி மெல்லிசு."

"இடியப்ப உரல் சுரண்ட நல்லா இருந்திருக்கும். கண்டிருந்தா எடுத்திருப்பன். காணேல்லை."

"இந்த வீட்டில ஒரு சாமானை வச்சா வச்ச இடத்தில இருக்காது."

கேத்திலை அடுப்பில் வைத்த சத்தம்தான் பேசியது. அவள் எடுத்து எறிந்திருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

மே 7, வியாழன்

மகள் அனிற்றா போன் எடுத்தாள். பரமட்டாவில் நேர்ஸ் வேலை, நேற்றோடு பிரசவ லீவு. முப்பத்தைந்தாம் கிழமை. கால் வீக்கமாம். பிள்ளை பிறந்து மூன்று கிழமையில் மருமகன் காரில் கொண்டுவந்து விட, இரண்டு மாதம் எங்களோடு இருக்கிறது என்பதுதான் பேச்சு. ரீற்றா பிரசவப் பத்தியத்துக்குப் பிள்ளைப்பெத்த சரக்கு எல்லாம் வாங்கி வறுத்து அரைத்துப் போத்தலில் போட்டுவிட்டாள். தொட்டிலுக்குச் சீலை கூடத் தைத்தாயிற்று.

இன்று கதையே வேறு.

"அப்பா, அது அங்க இருக்கேக்க பிள்ளையைக் கொண்டு வர எனக்கு ஏலாது. சொறி."

"பூட்டி, அலுமாரியையே சீமெந்தில அடிச்சு வச்சிருக்கு. ரவை வேற பெட்டி. பொலிஸ் வந்து பாத்து ஓம் எண்டிட்டுப் போனவங்கள். பதினாலு வருசத்தில ஒரு பிழை விட்டிருக்கிறனா?"

"அதுதான். உங்களுக்குக் கொஞ்சமும் பயமில்லை. அதுதான் எனக்குப் பயம். எமர்ஜென்சிக்கு வாற ஆக்களும் இதைத்தான் சொல்லுவினம், பதினாலு வருசம் எண்டு."

"அம்மா வறுத்த சரக்கை என்ன செய்யிறது?"

"சண்டே எடுக்கிறன். யோசிச்சுச் சொல்லுறன். ஏதாவது பிழை நடந்தா எனக்குச் சொல்லுவீங்களோ?"

"கட்டாயம்."

உடனே சொல்லிவிட்டேன். என்ன நடக்கப்போகிறது?

அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. மன்னாரில் பதினாறு வயதில் செக் பொயின்றில் ஒருவன் துவக்கை நெஞ்சுக்கு நேரே நீட்டினான். எனக்குத் தெரிந்தது அந்தத் துவாரம் மட்டும். முகம் இன்றைக்கும் ஞாபகமில்லை. இந்த ரிவோல்வரை முதல்முதல் கழற்றிய நாள் அந்தத் துவாரத்தைத் திருகி எடுத்து மேசையில் உருட்டினேன். வெறும் குழாய். அன்றிரவு நல்ல நித்திரை. கழற்றக்கூடிய சாமானுக்கு நான் பயப்படுவதில்லை.

மே 8, வெள்ளி

வேலைத்தலத்தில் அளவுத் தகட்டுக் கட்டு இருக்கிறது, இரவல் எடுத்துவர நினைத்தவன். மறந்துபோனேன். நாள் முழுக்க அனியின் கதைதான் தலைக்குள். அச்சு வெட்டும் மெஷினில் இரண்டு தரம் ஒரே அளவைத் திருப்பி அடித்தேன்.

வீடு வந்து குழலைத் தகடு இல்லாமலே பூட்டினேன். லைற்றுக்கு நேரே பிடித்து இடைவெளியைப் பார்த்தேன். மயிரிழை வெளிச்சம். முப்பது வருடம் தவ் கணக்கில் இரும்பு சீவினவனுக்கு ஆறு தவ் கண்ணில் தெரியாதா?

"கண்ணுக்குச் சரியாத்தான் இருந்தது" என்று வேலையில் ஒரு பெடியன் சொன்னால் பாதி நாள் ஏசுவேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மே 9, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

குளிர், வெயில். என் இடப்பக்கம் கிரகாம், எழுபது வயது, முன்னாள் தச்சன். முதல் இரண்டு சுற்றும் நன்றாகப் போனது. மூன்றாம் சுற்றில் மூன்று வெடி வைத்தேன், நாலாவதுக்கு விசை இழுபடவில்லை. சிலிண்டர் சிக்கிவிட்டது. குழல் சூடேறி ஒட்டிக்கொண்டது. கண்ணளவு ஆறு இல்லை, மூன்றோ இரண்டோ, ஆருக்குத் தெரியும்.

சிக்கினால் குழலைக் குறிப்பக்கமே பிடித்துக் கை தூக்கி நிற்கவேண்டும். அவ்வளவுதான் விதி. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கிற விதி. நான் என்ன செய்தேன்? வேலைத்தலத்தில் முரண்டு பிடிக்கிற சாமானைப் பார்ப்பதுபோலக் கிட்டக் கொண்டுவந்து, சரித்து, இடைவெளியைப் பார்த்தேன். உள்ளே சுடாத மூன்று ரவை. விரல் விசையில். குழல் வாய் கிரகாமின் வயிற்றுக்கு நேரே.

கிரகாம் கத்தவில்லை. மெதுவாக, "மேட். முன்னால பிடி" என்றார். அசையாமல் நின்றார். பச்சைச் சுவெற்றரில் ஒரு தெறி அறுந்து நூல் தொங்கியது. அந்த இடத்துக்கு நேரேதான்.

மேசையில் வைத்து ஆறவிட்டோம். ஆறினதும் சிலிண்டர் தன்பாட்டில் சுழன்றது. ரவையை எடுத்தபோது ஒன்று கீழே விழுந்தது.

மற்றவர்கள் தங்கள் குறியில் கவனம். ஒருவரும் காணவில்லை. "நான் ஒண்டும் பாக்கேல்லை, ரீ குடிக்கப் போவம்" என்றார் கிரகாம். நான் குடிக்கவில்லை.

ரீற்றா கேட்டாள், "என்னெண்டு போச்சு?"

"பரவாயில்லை."

மே 10, ஞாயிறு

அன்னையர் தினம். பூசை முடிய எல்லாத் தாய்மாருக்கும் ஒரு செவ்வந்தி. காரடியில் நிற்கும்போது யாரோ ஓர் அங்கிள் பின்னால் சொன்னது காதில் விழுந்தது: "அங்க துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன், இஞ்ச காசு குடுத்து வாங்கி வச்சிருக்கிறான்." சிரிப்பு. வழக்கமான பகிடிதான். வழக்கமாக நானும் சிரிப்பேன்.

பாட்டுப் புத்தகம் வாசிக்கப் பழைய மூக்குக்கண்ணாடி எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடிக் கூட்டுக்குள் தகடு. தொலையக்கூடாது என்று நானே வைத்தது. ரீற்றாவிடம் காட்டினேன். பார்த்தாள், "ம்" என்றாள், செவ்வந்தியைத் தண்ணீரில் போடப் போனாள். மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் "ம்".

நாலு மணிக்கு அனியின் போன். முதலில் தாயோடு அரை மணித்தியாலம். பிறகு எனக்கு.

"அப்பா, போட்டி எப்படி?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அழகான பொய், நாலு சொல்லு.

"ஒரு பிழை விட்டிட்டன் பிள்ளை."

எல்லாம் சொன்னேன். தகடு, கண்ணளவு, கிரகாமின் சுவெற்றர். குசினி வாசலில் ரீற்றா அகப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அனி இனி வரமாட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"பயந்தீங்களோ?"

"ஓம். இப்பவும்."

"தாங்ஸ் அப்பா. சொன்னதுக்கு." மூச்சு விட்டாள். "பூட்டித்தானே வச்சிருக்கிறீங்கள். நாங்கள் வாறம்."

ரீற்றா அகப்பையை வைத்துவிட்டுச் சிலுவை போட்டாள். சந்தோசப்பட வேண்டியவன் நான். போய் அலுமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

மே 11, திங்கள்

நித்திரை இல்லை. வேலையில் இரண்டு தரம் போய் முகம் கழுவினேன். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து, பூட்டி, திறந்து. பெரியதைக் கையில் எடுக்கவேயில்லை. பூட்டாத மூன்று குழலும் வரிசையாகத் துணிக்குள். வாய் எல்லாம் சுவர்ப்பக்கம். முந்தி மாதிரி மேசையில் வைத்தால் சரிவரும் என்று ஒன்றை எடுத்தேன். உருட்டிப் பார்த்தேன். துவாரம்தான் தெரிந்தது.

தொட்டில் சீலை கட்டப்போகிற அறைக்கும் இந்த அலுமாரிக்கும் நடுவில் ஒரு சுவர்.

அனியை எடுத்தேன். "பிள்ளை, நான் சொல்லுமட்டும் வராதை."

"என்ன அப்பா? நான்தான் ஓம் எண்டனே!"

"நீ ஓம் எண்டனி. எனக்கு இன்னும் சரிவரேல்லை."

மே 12, செவ்வாய்

தூறல். கிளப் பொறுப்பாளருக்குப் போன் போட்டுச் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். நன்றி சொன்னார், எழுதிக்கொண்டார், இந்த மாதம் வரவேண்டாம் என்றார். நியாயம்.

பத்து மணிக்குத் துவக்கு விற்கிற டீலரிடம். பெரியது, சின்னது, ஐந்து குழல், இரண்டு நட்டுத் திறப்பு, தகடு. அனுமதிப் பத்திரம், கையெழுத்து நாலு இடத்தில். டீலர் சிலிண்டரைச் சுழற்றிக் காதில் வைத்துக் கேட்டார். "நல்லாப் பாத்திருக்கிறீங்கள். ஏன் விடுறீங்கள்?" பேரப்பிள்ளை என்றேன். வழமையான காரணம்போலத் தலையாட்டினார்.

காரில் இருந்து அழுதேன். வெட்கம்தான். பதினாலு வருடம் ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும்.

வீட்டு வாசலிலேயே அனியை எடுத்தேன்.

"இனி வா, பிள்ளையோட."

"வித்திட்டீங்களோ? அப்பா, நான் விக்கச் சொல்லேல்லையே."

"நீ சொல்லேல்லை. பூட்டு சரி, அலுமாரி சரி. நான்தான் சரியில்லை."

மற்றப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். ரீற்றா வந்து போனைப் பறித்துவிட்டாள். பிள்ளைப்பெத்தவளுக்குக் குடுக்கிற பால் சுறாவுக்கு எந்த மீன்கடை நல்லது என்று கதைக்கிறார்கள், டண்டினோங்கா வேறெங்குமா என்று. நான் ஈரச் சப்பாத்தோடு நிற்கிறேன், இன்னும் ஒருவரும் உள்ளே வா என்று சொல்லவில்லை.