படத்தில் இருப்பவள் ரக்கியா

மராகேஷ்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் ஹம்மு எழுதுவது. இறைவன் கருணையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஆடு குட்டி போட்டுவிட்டதா?

எங்கள் விடுதியின் விளம்பரப் படத்தில் நான் ஒரு கிழவியின் உச்சந்தலையில் முத்தமிடுவதைத் தங்கை துடா உங்களிடம் காட்டினாளாம். யார் அவள் என்று கேட்டிருந்தீர்கள். கோபப்படாதீர்கள். விருந்தாளிகளை மலைக்கு அழைத்துப் போகும்போது வழியில் ஒரு வீட்டில் தேநீருக்கு நிறுத்துவோம். அந்த வீட்டுக்காரி ரக்கியா.

போன மாதம் நான் உள்ளே நுழைந்ததும், "என்னடா, குச்சி மாதிரி ஆயிட்டே? அந்த மாளிகை மாதிரி விடுதியில உனக்கு ரொட்டி கூடப் போடலையா?" என்றாள். நீங்கள் கேட்பது போலவே இருந்தது. யோசிக்காமல் குனிந்து முத்தமிட்டுவிட்டேன்.

விருந்தாளிகள் அவளை என் தாய் என்றே நினைத்து உருகி, போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். மேலாளர் ஜவாதுக்கும் ஒரே குஷி. "இனிமே ஒவ்வொரு தடவையும் இதச் செஞ்சிடு ஹம்மு" என்று சொல்லிவிட்டார். செய்கிறேன். ரக்கியாவும் வண்டிச் சத்தம் கேட்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சீக்கிரம் முடிடா, டீ ஆறுது" என்கிறாள்.

அவள் தேநீரில் சர்க்கரைதான் அதிகம். குளிருக்கு நீங்கள் போடும் கசப்புத் தழையைக் காயவைத்து, பஸ்காரரிடம் ஒரு பொட்டலம் கொடுத்துவிடுங்கள். என் பழைய கம்பளிச் சட்டையையும் சேர்த்து அனுப்புங்கள்.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். இந்தப் பெருநாளுக்காவது விடுப்பு கிடைத்துவிடும். நான் வாசலில் வந்து உங்கள் உச்சந்தலையில் முத்தமிடும்போது, துடாவிடம் போனை உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

ஹம்மு