விதிவிலக்கு கிடையாது

ஆகஸ்ட் 6

எதிர்மனையில் பாதியில் நிற்கும் கட்டடத்தின் லிஃப்ட் குழியில் இன்றும் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். வார்டு ஆபீசுக்கு மூன்றாவது முறையாக போன் செய்தேன். "நோட் பண்ணிட்டோம் மேசோமஷாய்" என்றான்; கல்கத்தாவில் நரைத்தவனெல்லாம் மேசோமஷாய், சித்தப்பா. எதில் நோட் பண்ணுகிறார்களோ. முப்பத்தாறு வருஷம் பாங்கில் இருந்தவனிடம் இந்தக் கதையா?

ஆகஸ்ட் 19

வார்டு கமிட்டி கூட்டம். முக்கால் மணி நேரம் தாமதம், அதற்குள் இரண்டு தடவை டீ. வீட்டில் தண்ணீர் தேங்கினால் முதலில் நோட்டீஸ், ஏழு நாளில் அகற்றாவிட்டால் வழக்கு என்று ஒரு துணைவிதி வரப்போகிறதாம். வரைவை வாசித்தார்கள். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காளிகாட் பக்கத்துக் கவுன்சிலர் ஒருவர் எழுந்து, "பூஜை சாமான்களுக்கு விலக்கு வேணும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொசு என்ன, கடிப்பதற்கு முன்னால் பஞ்சாங்கம் பார்க்குமா? எழுந்து இதையே கேட்டேன். சிரித்தார்கள். எங்கள் கவுன்சிலர், "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க" என்றார், வாயை அடைக்கிறதாக நினைப்பு. அங்கேயே எழுதிக் கொடுத்தேன்: மதம், பண்டிகை, குடும்ப வழக்கம் எதன் பேரிலும் விதிவிலக்கு கிடையாது.

ஜெயா கேட்டாள்: "ஏன்னா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

செப்டம்பர் 4

மாநகராட்சி மன்றக் கூட்டம். பார்வையாளர் வரிசையில் நான், தூங்கும் இரண்டு நிருபர்கள். ஒரு தெருவுக்குப் பெயர் மாற்ற ஒரு மணி நேரம் வாதம். எங்கள் துணைவிதிக்கு நாலு நிமிஷம். "ஆதரிப்போர்?" என்றதும் எல்லாக் கையும் தூக்கல், விலக்குக் கேட்ட அந்த மகானுபாவரின் கை உள்பட. எதற்குத் தூக்கினோம் என்று வெளியே வந்து கேட்டால் பத்துப் பேருக்குப் பதில் தெரியாது.

என் வாக்கியம் அப்படியே இருந்தது. வரும் வழியில் சந்தேஷ் மிட்டாய் வாங்கினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

செப்டம்பர் 5

லிஃப்ட் குழி நிரம்பித்தான் இருக்கிறது.

செப்டம்பர் 18

கொலுவுக்குத் தகரத் தொட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். பதினாலு வருஷமாகத் தெப்பக்குளம் என் இலாகா. ஒழுகுகிறதா என்று பார்க்க இப்போதே ஹாலில் வைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டேன். சுற்றிலும் மண் பரப்பி, கடுகும் கேழ்வரகும் தூவியாயிற்று. கொலு அன்றைக்குப் பச்சைப்பசேலென்று பார்க் தயாராக இருக்கும்.

அக்டோபர் 3

ஏழு படி. குளத்தில் பெருமாளும் தாயாரும் தெப்பத்தில். வைத்தது வைத்ததுதான், விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும்வரை எதையும் நகர்த்தக்கூடாது.

கீழ்வீட்டு மிதாலி ஆபீசிலிருந்து நேராக மேலே வந்தாள். வருஷா வருஷம் அவளுக்கு அதே இடம், குளத்தோரம். "மாசிமா, இந்தப் பார்க்தான் எனக்குப் பூஜைக்கே ஆரம்பம்" என்று ஜெயாவிடம் சொல்லிக்கொண்டு சுண்டலை முடித்தாள்.

அக்டோபர் 8

மிதாலிக்கு டெங்கு. நாலு நாளும் சாயங்காலம் இங்கே உட்கார்ந்து பேசினவள், நேற்று மட்டும் வரவில்லை. இன்று ஆஸ்பத்திரி. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே இருக்கிறதாம். அவள் புருஷன் சுப்ரதோ மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான்.

லிஃப்ட் குழி! எத்தனை தடவை சொன்னேன்! வார்டு ஆபீசுக்குப் போன் பண்ணிக் கத்தினேன். ஒரு உசிரு போனாத்தான் வருவேளா? கை தூக்கத் தெரியுது, கால் நகராதா? சந்து முழுக்க வீடு வீடாகப் பார்க்கச் சொன்னேன். ஒருத்தரையும் விடாதே என்றேன்.

அக்டோபர் 10

வந்தார்கள். துர்கா பூஜை சப்தமி அன்று, ஊரே புதுத்துணியில் சுற்றும்போது, சுகாதார ஊழியர் ஷம்பாவும் இன்னும் இரண்டு பெண்களும்.

முதலில் குழி. நானே கூட்டிக்கொண்டு போனேன். ஷம்பா கரண்டியால் மொண்டு பார்த்தாள், ஒரு புழு இல்லை. போன மாதமே கப்பி மீன் விட்டாயிற்றாம், கொசுப்புழுவைத் தின்னும் மீன். "உங்க கம்ப்ளெயின்ட்டாலதான் மேசோமஷாய்." தண்ணீரைத் தினமும் பார்த்தேன். மீனைப் பார்க்கவில்லை.

பிறகு ஒவ்வொரு வீடாக. கடைசியில் எங்கள் மாடி. கொலுவைப் பார்த்துக் கும்பிட்டவள், குளத்துப் பக்கம் டார்ச்சோடு குனிந்தாள். வெள்ளைக் கரண்டியில் நெளிந்தன. ஒன்றா, இரண்டா? தெப்பத்தைச் சுற்றி அத்தனையும் அதுதான்.

நான் என்ன சொன்னேன்? "இது பூஜை சாமான்மா. விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது" என்றேன். நான்தான் சொன்னேன்.

ஷம்பா சங்கடப்பட்டாள். "நோட்டீஸ் எழுதல மேசோமஷாய். ரெண்டு நாள் கழிச்சுக் கொட்டிடுங்க."

ஜெயா வந்தாள். பெருமாளையும் தாயாரையும் எடுத்து மணைமேல் வைத்தாள். தொட்டியை ஒற்றை ஆளாக மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய், சுடுகிற தளத்தில் கவிழ்த்தாள். திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு அங்க கெடக்கா" என்றாள்.

ஷம்பா போய்விட்டாள். எழுது என்று நான் சொல்லவில்லை.

அக்டோபர் 12

விஜயதசமி. பொம்மையைப் படுக்க வைத்தோம். பிளேட்லெட் முப்பதாயிரம்.

இருபத்திரண்டு நாள் தண்ணீர் மாற்றவில்லை. அதன் ஓரத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கொசு எங்கிருந்து வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. எவ்வளவு சௌகரியம்!

அக்டோபர் 16

மிதாலி வீடு வந்துவிட்டாள். பாதியாக இளைத்திருக்கிறாள். பிஜோயாவுக்கு, அவர்கள் விஜயதசமிக்கு, நமஸ்காரம் பண்ண மேலே வர முடியாது என்று போனில் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்.

அக்டோபர் 18

பூஜை விடுமுறை முடிந்து வார்டு ஆபீஸ் திறந்தது. முதல் ஆளாகப் போய், "என் பேரில் நோட்டீஸ் எழுதுங்கள்" என்றேன். கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "தண்ணியைக் கொட்டியாச்சே, விட்டுடுங்களேன். யாருக்குத் தெரியும்?" துணைவிதியைப் பிரித்து என் வாக்கியத்தைக் காட்டினேன். பெருமூச்சு விட்டு எழுதினார்.

அக்டோபர் 21

கேட்டில் ஒட்டிவிட்டுப் போனார்கள். பட்டாபிராமன், இரண்டாம் மாடி, கொசுப்புழு காணப்பட்டது. சுப்ரதோ நின்று வாசித்தான். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனான்.

சாயங்காலம் கீழே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், பூஜை சாமான் என்று சொன்னதையும். மிதாலி போர்வை நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "நான் கையைக்கூட அந்தத் தண்ணில விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன், மேசோமஷாய்" என்றாள். சுப்ரதோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

அக்டோபர் 25

நேற்றெல்லாம் மழை. கேட்டில் நோட்டீஸின் ஒரு மூலை பிரிந்து தொங்கியது, என் பெயர் இருக்கிற மூலை. கிழித்துப் போட்டால்கூட யாரும் கேட்க மாட்டார்கள். மைதாப் பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு போய் ஒட்டிவிட்டு வந்தேன்.