ஏட்டில் இல்லாதவர்களின் வருமானம்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து குளிர்கால மழை. ஆக்லாந்து, ஒனிஹங்கா வீட்டு ஜன்னலோரம் மறுபடி பூஞ்சணம். வினிகர் வாங்க வேண்டும்.

என் பல்கலைக்கழக ஆய்வு: இத்தாலிய நகரம் ஒன்றின் பழைய வரியேடு. ஆலைகள் வருவதற்கு முந்தைய காலம். பணக்காரருக்கும் ஏழைக்கும் எவ்வளவு தூரம் என்று மதிப்பிட வேண்டும். வரி கட்ட வழியில்லாதவர்கள் ஏட்டில் இல்லவே இல்லை. உயிர் தங்கப் போதுமான தானியத்தின் விலையை அவர்கள் வருமானமாக வைக்கிறோம். அதற்கும் கீழே என்றால் செத்திருப்பார்கள் என்ற ஊகம்.

என் கணவர் சுதன் விரிப் பகுதியில் கிடங்கு வேலை முடிந்து வந்தார். யாழ்ப்பாணத்தில் பொறியியலாளர், இங்கே பெட்டி தூக்கல். முதுகுக்குத் தைலம் தேய்க்கட்டுமா என்றேன்.
"வேண்டாம். நீர் எழுதும்."

ஜூன் 11, புதன்
முதல் மதிப்பீட்டைப் பேராசிரியருக்கு அனுப்பியாயிற்று. குடும்பம்தான் அலகு. வீட்டுக்குள் எல்லோருக்கும் சமபங்கு என்று வைத்துக்கொள்கிறோம். பதிவு இல்லை, வேறு வழியும் இல்லை.

சாப்பிடும்போது இதைச் சுதனிடம் சொன்னேன். சும்மா, பேச்சுக்கு.
"அப்ப எங்கட வீட்டையும் சமம் எண்டுதான் போடுவினமோ?"
"ஏன் அப்பிடிக் கேக்கிறீங்கள்?"
"உமக்கு இந்த நாடு படிப்புத் தந்தது. எனக்கு முதுகு நோவு." கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. "யாழ்ப்பாணத்தில பழைய கந்தோரில திரும்ப வேலைக்குக் கூப்பிடுகினம். ஞாயிறு போறன்."
டிக்கெட் எடுத்தாயிற்றாம்.
"நானும் வாறன். படிப்பை விடுறன்."
"வராதையும். வந்தா, நான் இங்க இருந்த மாதிரி நீர் அங்க இருப்பீர்."
எழுந்து தன் கோப்பையைக் கழுவினார். என்னுடையதையும்.

ஜூன் 15, ஞாயிறு
விமான நிலையம். நல்ல வெயில், பாழாய்ப்போன வெயில். பக்கத்தில் தமிழ்நாட்டுப் பெண் யாரையோ தேற்றினாள்: "ரெண்டு வருஷந்தானே, ஓடிப்போயிடும்." எங்களுக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை.
"ஹீட்டரைப் போட்டுப் படும். பில்லை யோசிக்காதையும்," என்றார் சுதன்.
"ஓம்."
ஒன்பது வருட மனைவி சொன்ன கடைசிச் சொல். ஓம்.

ஜூன் 18, புதன்
பேராசிரியருக்கு மதிப்பீடு பிடித்திருக்கிறதாம். கட்டுரையாக்கலாம் என்கிறார். நன்றி எழுதினேன். குளியலறையில் அழுதேன். பால் முடிந்துவிட்டது.

ஜூன் 21, சனி
சுதன் அழைத்தார். பாலம் கட்டுமிடத்திலிருந்து. பின்னால் லாரிச் சத்தம், ஆட்கள். யாரோ ஏதோ கத்த, வாய்விட்டுச் சிரித்தார். ஆக்லாந்தில் இந்தச் சிரிப்பை நான் கேட்டதேயில்லை.
எப்போது வருவீர்கள் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.
"சாப்பிட்டீங்களோ?" என்றேன்.