முப்பத்துமூன்று அங்குலம்

நேற்றுக் காலை செல்வராஜ் உன் பலகையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். மார்த்தாண்டத்துக்காரன், நம் அடுக்களையை இடித்துக் கட்டும் மேஸ்திரி. அடுப்பு மேடையை உடைத்த தூசி தலையெல்லாம் அப்பியிருந்தது. அந்தத் தூசிக்கே ஒரு வாசனை. முப்பத்துநாலு வருஷத்துப் பெருங்காயமும் தேங்காயெண்ணெயும் கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

"அம்மா, இத வெறகுக்கு எடுத்துக்கிடட்டா?" என்றான்.

"வை கீழே" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பலகையைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனான்.

பலா மரப் பலகை. மூன்று அங்குல உயரம். வழுக்காமல் இருக்க அடியில் சைக்கிள் டயர் துண்டு வைத்து உன் கணவர் ஆணியடித்துக் கொடுத்தது. அதன்மேல் ஏறி நின்றுதான் நீ முப்பத்துநாலு வருஷம் சமைத்தாய். இறங்கித் தேங்காய் எடுப்பாய், ஏறிக் கிளறுவாய், இறங்கி உப்பு எடுப்பாய், மறுபடி ஏறுவாய்.

போனவர்களைப் பற்றி எழுதும்போது நாலு நல்ல வார்த்தை எழுதுவார்கள். என்னால் முடியாது. எனக்கு உன்மேல் உள்ள கோபம் ஆறவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ இந்த வீட்டுக்கு என் ஓர்ப்படியாக வந்தபோது ஸ்ரீவராகம் தெருவில் நம் இருவரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் ஐந்தடி ஏழங்குலம், நீ நாலடி பத்தங்குலம். "ஒட்டடைக்கம்பும் உழக்கும் குளத்துக்குப் போறது பாரு" என்று எதிர்வீட்டு மாமி நம் காதில் விழும்படியே சொன்னாள். நான் அன்று முழுவதும் பொருமினேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய். "உழக்குன்னா அதுல நெறைய கொள்ளுமே, மன்னி. கம்புல என்ன கொள்ளும்?" என்றாய். வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் இந்த வாய்.

அப்போதெல்லாம் தரையில் உட்கார்ந்துதான் சமையல். உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. பிறகு காஸ் வந்தது, மேடை கட்ட வேண்டியிருந்தது. திட்டத்தை நான்தான் போட்டேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் என் கணவர் தாம் வேலை பார்த்த மராமத்து அலுவலகத்திலிருந்து வேண்டாத நீல வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு வந்து அலமாரித் தட்டில் விரிக்கத் தருவார். விரிப்பதற்கு முன் அவற்றையெல்லாம் உட்கார்ந்து படிப்பேன். எது கதவு, எது ஜன்னல், கோட்டுக்கு நடுவே எழுதியிருக்கும் எண் எதன் நீளம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. விரித்த பிறகும் கடுகு டப்பாவை நகர்த்திவிட்டுப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன்.

அந்த அறிவை வைத்துத்தான் நம் மேடைக்கு அளவு எடுத்தேன். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே மேடை இருந்தால் கை நோகாது. எனக்கு முப்பத்தாறு அங்குலம் வேண்டும். உனக்கு முப்பது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தேன். முப்பத்துமூன்று. யாருக்கும் கூடுதல் இல்லை, யாருக்கும் குறைவு இல்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது. அதைவிட நியாயமான கணக்கு இந்தத் தெருவில் யாரும் போட்டிருக்க முடியாது என்று நினைத்தேன்.

மேடை இருவருக்குமே பொருந்தவில்லை. உனக்குத் தோள் தூக்கிக்கொண்டது, எனக்கு இடுப்பு ஒடிந்தது. நீயாவது பலகை போட்டு ஏறிக்கொண்டாய். நான் என்ன, தரையைத் தோண்டிக்கொண்டு இறங்கவா முடியும்?

யார் கேட்டாலும், "மேடை கட்டின அந்த மேஸ்திரிக்குக் கண் தெரியாது, தப்பாகக் கட்டிவிட்டுப் போய்விட்டான்" என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி அதை நானே நம்பத் தொடங்கினேன். நீயும் பக்கத்தில் நின்று, "ஆமாமா, அவருக்குத் திமிரம்னு கேட்டேன்" என்று ஒத்துப் பாடினாய். அந்த மனிதருக்கு என்ன திமிரம், என்ன கண்புரை? கழுகு மாதிரிப் பார்வை.

கணவன்மார் இருவரும் அடுத்தடுத்துப் போனார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. இந்த வீட்டுக்கு ஒரே பெண், நீ பெற்றவள். அவள் பெங்களூருக்குப் போனாள். "ரெண்டு பேரும் லிஃப்ட் இருக்கற ஃபிளாட்டுக்கு மாறிக்கோங்கோ" என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அந்த ஒரு விஷயத்தில்தான் நமக்குள் சண்டையே வந்ததில்லை. இந்த வீட்டில்தான் கடைசிவரை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அப்படியானால் அடுக்களையை ஒழுங்காக ஒருமுறை செய்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். நீ தலையாட்டினாய்.

கட்டம்போட்ட நோட்டில் ஒன்பது முறை வரைந்தேன். வாசற்படியின் தடையை எடுத்துவிட்டேன், நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தால் தட்டக் கூடாது. பரண் வேண்டாம், ஸ்டூல் போட்டு ஏறும் வயது இல்லை. எல்லாம் கீழே இழுப்பறை. சிங்க் கிணற்றடி ஜன்னலுக்கு நேராக. சுவரில் பிடித்து நடக்க ஒரு கம்பி. கடையிலிருந்து மடிக்கணினியோடு ஒரு பையன் வந்து, நடுவில் ஒரு 'ஐலன்ட்' வைக்கலாம் என்றானே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்பதுக்குப் பதினோரு அடி அடுக்களையில் தீவு. அவன் போன பிறகு நீ, "தீவு வெச்சா தோணி வேண்டாமா மன்னி?" என்று கேட்டு அன்று முழுவதும் என்னையும் சிரிக்க வைத்தாய்.

நாம் சேர்ந்து சிரித்த கடைசி நாள் அதுதான் என்று நினைக்கிறேன். மறுநாள் பத்தாவது படத்தைக் காட்டினேன். இடப்பக்கம் முப்பத்தாறில் ஒரு மேடை, வலப்பக்கம் முப்பதில் ஒரு மேடை. அதில் ஒரு அடுப்பு, இதில் ஒரு அடுப்பு. முப்பத்துநாலு வருஷத்துத் தவறை வாயால் சொல்லாமல் கையால் திருத்தியிருந்தேன். நீ மகிழ்ந்துபோவாய் என்று எதிர்பார்த்தேன்.

படத்தையே வெகுநேரம் பார்த்தாய். "ரெண்டு அடுப்பு எதுக்கு, மன்னி?"

"உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. உன் உயரம் வேற, என் உயரம் வேற இல்லியா?"

"ஒரு சாம்பார ரெண்டு எடத்துல வெக்க முடியுமோ?"

"நீ சாம்பார் வை, நான் கறி பண்றேன்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? காரணம் சொல்லு."

"எங்காத்துல மொதல்ல அடுப்புதான் ரெண்டாச்சு. சுவரு அப்பறம்தான் வந்தது."

கரமனையில் உன் பிறந்த வீட்டில் உன் அம்மாவும் சித்தியும் அடுப்பைப் பிரித்த கதை எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் வீட்டின் நடுவே சுவர் வந்தது. கிணற்றின் வாய்க்குக் குறுக்கேகூட ஒரு சுவர். அந்தப் பக்கத்து வாளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நீ இந்தப் பக்கம் வளர்ந்தாய். எல்லாம் தெரியும். தெரிந்தும், "உங்காத்துக் கதைய இங்க கொண்டு வராதே. என் முதுகு போயாச்சு, எனக்கு உயரம் வேணும்" என்றேன்.

இரண்டு வாரம் இதே சண்டை. நான் அங்குலம் பேசினேன். நீ அடுப்பு பேசினாய். கடைசியில் ஒருநாள் நான் வழக்கம்போல அந்தப் பழைய மேஸ்திரியை இழுத்தேன். "அவன் அன்னிக்கு ஒழுங்கா கட்டியிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

நீ கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாய். "செத்துப்போன மனுஷரைப் போட்டு இன்னும் எத்தனை நாள் திட்டுவேள்? பாவம், மன்னி. முப்பத்தாறும் முப்பதும் கூட்டிப்போட்ட தாளை நான் அன்னிக்கே பார்த்தேன்."

அவ்வளவுதான் சொன்னாய். குரலைக்கூட உயர்த்தவில்லை. நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அன்று மாலையே சரியாகியிருக்கும். முப்பத்துநாலு வருஷம் தெரிந்துகொண்டே என் பொய்க்கு ஒத்துப் பாடியிருக்கிறாய். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னை ஏதோ சின்னக் குழந்தைபோல் வைத்து இத்தனை காலம் தாங்கியிருக்கிறாய் என்று உடம்பெல்லாம் எரிந்தது. நான்கு நாள் உன்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் காலை நெஞ்சை ஒரு மாதிரி பிடிக்கிறது என்றாய். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டு வந்தார். எனக்குக் கால் வீங்கியிருந்தது, அவர் மனைவிதான் உன்னோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகிறபோது அடுக்களை வாசலில் நின்றாய். "மன்னி, குக்கர் வெச்சிருக்கேன். மூணு விசில் ஆனா அணைச்சுடுங்கோ."

நான் பதில் சொல்லவில்லை. மூன்றாவது விசிலுக்கு எழுந்துபோய் அணைத்தேன். நீ திரும்பி வரவில்லை.

இப்போது சொல், நான் யார்மேல் கோபப்படுவது? சண்டையை முடித்துவிட்டுப் போகத் தெரியாதா உனக்கு? எல்லாவற்றையும் ஒழுங்காகத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுத்தானே அடுக்களையை விட்டு வருவாய். இதை மட்டும் அடுப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

உன் பெண் போன மாதம் வந்தாள். நோட்டைப் புரட்டிவிட்டு, "பெரியம்மா, இனி ஃபுல்லா உங்க ஹைட்டுக்கே போட்டுக்கலாமே. ஒரே லெவல், முப்பத்தாறு. அம்மா இல்லையே" என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. "உங்கம்மா இல்லேன்னா அவ எடமும் இல்லியா?" என்று கத்தினேன். அவள் முகம் சுருங்கியது. "சும்மா வாசி பிடிக்காதீங்கோ பெரியம்மா. அவ எனக்குந்தான் அம்மா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றாள். முதுகைக் காட்டி நின்றபோது உன் உயரம்தான். வாசி பிடிக்கிறேனாம். ஆமாம், இந்த வயதில் என்னிடம் மிச்சம் இருப்பது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான்.

முப்பத்தாறு அங்குலத்துக்காக உன்னோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். இப்போது எதிர்த்துப் பேச ஆளில்லை, தானாகவே கையில் வந்து விழுகிறது. இப்படி ஒரு ஜெயம் எனக்கு வேண்டாம்.

நேற்று பலகையைச் சாத்திவிட்டுப் போன செல்வராஜ், மத்தியானம் நோட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"அம்மா, அந்தப் பழய மேட முப்பத்திமூணு. ஆரும்மா போட்ட அளவு? குட்டையானவங்களுக்கும் ஆவாது, நெட்டையானவங்களுக்கும் ஆவாது."

வாயில் அந்தப் பழைய பதில் தயாராக வந்து நின்றது. உன் பலகை அவனுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

அவனுக்கு அது ஒரு பெரிய செய்தியாகவே படவில்லை. "செரி போட்டும்" என்று பக்கத்தைத் திருப்பினான். முப்பத்துநாலு வருஷம் நான் காத்த ரகசியத்துக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். பத்தாவது படத்தில் விரலை வைத்தான். "மேட ரெண்டு ஒயரத்துல இருக்கட்டும், நல்லதுதான். ஆனா காஸ் பாயின்ட் எதுக்கு ரெண்டு? ஒசந்ததுல வச்சு அரியுங்க, தாந்ததுல அடுப்ப வச்சுக் கிண்டுங்க. ஒத்த அடுப்பு போரும்லா?"

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு உயரம், ஒரு அடுப்பு. பத்து முறை வரைந்த எனக்கு அது தோன்றவில்லை.

நீ மேடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் நாளிலிருந்து நீ சொன்னதெல்லாம் அடுப்பு, அடுப்பு, அடுப்பு. ஆற்றுக்கால் பொங்காலைக்குத் தெருவெல்லாம் ஆளுக்கு மூன்று செங்கல் வைத்து ஆளுக்கொரு அடுப்பு மூட்டும்போதுகூட, நீ மட்டும் நம் இருவருக்கும் ஒரே அடுப்பு என்பாய். "மன்னி பானை எறங்கட்டும், அப்பறம் நான் வெக்கறேன்" என்று புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருப்பாய். செங்கல் தூக்கச் சோம்பல் என்று நினைத்து ஒவ்வொரு வருஷமும் உன்னைத் திட்டினேன்.

எனக்கு ஏன் நீ விளங்கச் சொல்லவில்லை என்று கேட்க வருகிறது. கேட்க மாட்டேன். இரண்டு வாரமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாய். நான் கையில் டேப்பை வைத்துக்கொண்டு உன் முழங்கையை அளந்துகொண்டிருந்தேன்.

இன்று காலை உன் பெண்ணிடம் போனில் சொல்லிவிட்டேன். இடப்பக்கம் முப்பத்தாறு, வலப்பக்கம் முப்பது. அடுப்பு ஒன்று, அது வலப்பக்கம்.

"அம்மா சைடுலயா?" என்றாள்.

"ஆமாம்."

"பெரியம்மா, அப்ப நீங்கதான் ஆறு இஞ்ச் குனியணும். உங்க முதுகு?"

"என் முதுகு, நான் பார்த்துக்கறேன். நீ லீவுக்கு வந்தா நேரா நின்னு சமை."

"எனக்குச் சமைக்கத் தெரியாது பெரியம்மா" என்றாள். அது என் தவறில்லை, உன்னுடையது.

இதை நான் விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொள்ளாதே. இரண்டு உயரம் வேண்டும் என்றேன், இரண்டு உயரம்தான் கட்டுகிறேன். நீ கேட்ட ஒற்றை அடுப்பும் இருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று இந்தத் தெருவில் யாரும் சொல்ல முடியாது.

பலகையை விறகுக்குக் கொடுக்கவில்லை. டயர் துண்டு ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. சுத்தியல் வாங்கி நானே ஆணியடித்தேன். புது அடுக்களையில் அதற்கு வேலை இல்லை என்று தெரியும். முப்பதில் மேடை வந்துவிட்டால் நீ வெறும் தரையில் நின்று, தோளைத் தூக்காமல், இறங்கி ஏறாமல் சமைத்திருக்கலாம். உனக்குச் சரியான மேடையை நான் கட்டி முடிக்க முப்பத்துநாலு வருஷம் ஆகியிருக்கிறது, நீ இல்லை. என் கோபமெல்லாம் இதுதான்.

அடுத்த வாரம் கல் பதிக்கிறார்கள். முதல் நாள் குக்கர்தான் வைப்பேன். மூன்றாவது விசிலுக்குக் குனிந்து அணைப்பேன். அணைத்துவிட்டு, "அணைச்சுட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்வேன். அன்று நான் சொல்லாமல் விட்ட பதில் அது.